முழுசாக வந்த கட்டி

என் கர்ப்பப்பையிலிருந்து எடுத்த கட்டி தேங்காய் அளவு இருந்தது என்பது எங்கள் காலனியில் பால்காரர் வரைக்கும் தெரியும். பரப்பியவர் என் கணவர். இந்தத் தெலுங்குச் சீமையில், ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் யாருக்கு ஆபரேஷன் நடந்தாலும் அது ஊர்ச் சொத்து. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு, உடனே "எவ்வளவு பெருசு?" என்பார்கள்.

அதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஒரு சாட்சி வேண்டும். இங்கே ஆஸ்பத்திரிகளில் அதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் கதவைப் பாதி திறந்து, கூட வந்தவரைக் கூப்பிட்டு, எடுத்ததை எவர்சில்வர் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். சொன்னதைச் செய்தோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நான் மயக்கத்தில் கிடந்தேன். அந்தத் தட்டைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு நாகர்கோவில் பக்கம். எதையும் தேங்காயில்தான் அளப்பார். "முழுசா ஒரு தேங்கா, மட்ட உரிச்ச தேங்கா" என்று இரண்டு கைகளையும் குவித்துக் காட்டுவார். முதலில் அது சின்னத் தேங்காயாகத்தான் இருந்தது. வருஷம் போகப் போக நன்றாக விளைந்துவிட்டது. நானும் அதைக் கொஞ்சம் மிதப்போடுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவு பெரிய பாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு நாள் கூட லீவு போடாமல் வேலைக்குப் போயிருக்கிறேனே என்று.

இருவருக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. அவர் இரும்பைச் சீவிக் கடைகிற லேத் மெஷினில். நான் தரச் சோதனைப் பிரிவில். வெல்டிங் போட்ட இடத்தில் ஜெல்லைத் தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்து ஒலியை உள்ளே அனுப்பி, விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா என்று திரையில் பார்ப்பது என் பிழைப்பு. திரையில் எங்காவது கோடு எகிறினால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போவேன். வெல்டர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் என் வயிற்றில் ஜெல்லைத் தடவி ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்தபோது, திரை என் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அதற்கு முன்னால் கொஞ்ச நாளாகவே சுடிதார் பேன்ட்டின் நாடா ஒரு பக்கம் மட்டும் அழுத்துகிற மாதிரி இருந்தது. தொப்பைதான் என்று நினைத்தேன். ஒரு நாள் மல்லாந்து படுத்துத் தடவிப் பார்த்தால் தொப்புளுக்கு இடது பக்கம் ஏதோ உருண்டையாக விரலுக்குத் தட்டுப்பட்டது. தள்ளினால் நகர்ந்தது, வலிக்கவில்லை. கம்பெனி டிஸ்பென்சரியில் காட்டினேன், அவர்கள் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் டாக்டர் கருவியை ஓரிடத்தில் வைத்தார், அளந்தார், நகர்த்தினார். மறுபடி நிறுத்தினார், அளந்தார். இன்னும் கீழே போய் அங்கேயும் அளந்தார். முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டார். ஃபைப்ராய்டு கட்டி எடுத்தது, ரொம்ப வருஷம் ஆயிற்று என்றேன். அவர் மறுபடி அளக்க ஆரம்பித்தார். எங்கள் தொழிற்சாலை ஷாப்பில் ஒரே இடத்தில் கோடு எகிறினால் அது அந்த இடத்துக் கோளாறு. பல இடத்தில் எகிறினால் அந்த ஜாப்பே, அதாவது அந்த இரும்பு உருப்படியே, போச்சு என்று அர்த்தம். நான் அந்தக் கணக்கில்தான் என்னைப் பார்த்தேன். ரிஜெக்ட் என்று முடிவு செய்துகொண்டு துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தேன்.

சி.டி. ஸ்கேனும் நான் நினைத்ததற்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் கட்டிகள், மூத்திரப்பைக்குப் பக்கத்தில் ஒன்று, இடுப்புச் சுவரில் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த சர்ஜன் நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார். சினைப்பையில் ஆரம்பித்துப் பரவியதாக இருக்கலாம், இப்போதே எதுவும் உறுதியில்லை, புற்றுநோய் ஆபரேஷன் செய்யும் லேடி டாக்டர் ஒருவரைப் பாருங்கள், பழைய ஆபரேஷன் காகிதங்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவர் சொன்னதில் 'பரவியது' மட்டும்தான் என் காதில் நின்றது.

பழைய காகிதங்கள் எங்களிடம் இல்லை. குவார்ட்டர்ஸ் மாறியபோது பழைய பேப்பரோடு போட்டவர்கள் நாங்களேதான். சரி, ஆஸ்பத்திரியில் நகல் இருக்கும் என்று அமீர்பேட்டுக்குப் போனோம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்தில் இப்போது சாஃப்ட்வேர் கோச்சிங் சென்டர். வாசலில் பையன்களும் பெண்களும் முதுகில் பையோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் படுத்துக்கிடந்த மாடியில் ஏதோ கம்ப்யூட்டர் பாடம் நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேனிடம் ஆஸ்பத்திரியைக் கேட்டதற்கு, "ஓ தோ கப்கா பந்த் ஹோகயா அம்மா" என்றார். அது எப்போதோ மூடியாயிற்று, எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். பக்கத்துத் தெருவில்தான் என் மகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எட்டிப் பார்க்காமலே திரும்பிவிட்டோம். அவளிடம் வயிற்றுக் கோளாறு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நான் தமிழில் கேட்டால் அவள் வேறு எதிலாவதுதான் பதில் சொல்வாள். அன்றைக்கும் போனில் "டென்ஷன் நக்கோ மம்மி, கேஸ்தான்" என்று, பதறாதே வாயுத் தொல்லைதான் என்று, எனக்கு வைத்தியம் சொன்னாள். முகத்தைப் பார்த்தால் உடைந்துபோவேன் என்றுதான் போகவில்லை.

லேடி டாக்டரிடம் நாள் கிடைக்கும் வரை வீட்டில் நான் ஒரு பேயாகத் திரிந்தேன். நான் போன பிறகு வேண்டுமே என்று மாவு அரைக்கும் பதத்தை என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் சும்மா தலையை ஆட்டினால் கத்தினேன். சர்ச்சிலிருந்து போதகர் வந்து ஜெபித்தார். நல்ல நீளமான ஜெபம். நடுவில் "உமக்குச் சித்தமானால்" என்று ஒரு வார்த்தை போட்டாரே, எனக்குச் சுருக்கென்றது. சித்தமில்லாமல் போவதற்கும் வழி விட்டு வைக்கிறாரே இந்த மனுஷன் என்று கண்ணை மூடியபடியே கோபப்பட்டேன். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த லேடி டாக்டர் என்னைவிடச் சின்னவர், தெலுங்குக்காரர். ஸ்கேன் படங்களைப் பார்த்த பிறகும் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சாப்பாடு எப்படி, எடை குறைந்ததா, வயிற்றில் நீர் கோத்ததா, குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஏதோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. பிறகு படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தவர், பழைய தழும்புகளில் வந்து நின்றார். தொப்புளில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, எல்லாம் சட்டைப் பொத்தான் அளவு. வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டுச் செய்தார்களா என்றார். ஆமாம் என்றேன். கர்ப்பப்பையை எடுக்காமல் கட்டியை மட்டும்தானே என்றார். அதற்கும் ஆமாம்.

"அப்போது கட்டியை எப்படி வெளியே எடுத்தார்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் எங்களிடம் வருஷக்கணக்காகப் பதில் தயாராக இருக்கிறதே. முழுசாக எடுத்தார்கள் டாக்டர், தேங்காய் அளவு, என் வீட்டுக்காரர் தட்டில் பார்த்தார் என்று தெலுங்கில் அடித்துவிட்டேன். குரலில் பழைய மிதப்பு கூட எட்டிப் பார்த்திருக்கும்.

டாக்டர் என் தழும்புகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எந்தத் துளை வழியாக என்று கேட்டார்.

தொழிற்சாலையில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து வெல்டர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற எனக்கு, பொத்தான் துளை வழியாகத் தேங்காய் வராது என்று அன்று வரைக்கும் தோன்றவே இல்லை. என் வீட்டுக்காரர் சொன்னார், நான் நம்பினேன். நம்புகிறோம் என்ற நினைப்பு கூட இல்லாமல் நம்பினேன்.

திரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்து திரையோரமாக நின்றார். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"முழுசா இல்ல, கேட்டியா" என்றார். "துண்டு துண்டாத்தான் கெடந்துது. நீள நீளமா. எம் மெஷினுக்கு அடியில சீவல் விழுந்து கெடக்கும்லா, அது மாதிரி."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இவர் விரலால் இழுத்துக் காட்டியது போதுமாக இருந்தது. டாக்டர் உடனே நிமிர்ந்து, அவரை உட்காரவைத்து, ஹிந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். துண்டுகள் எவ்வளவு நீளம், எத்தனை இருக்கும், ஏதாவது பைக்குள் போட்டு எடுத்ததாகச் சொன்னார்களா, மெஷின் வைத்து அறுத்ததாகச் சொன்னார்களா. பை பற்றி எதுவும் சொல்லவில்லை, மெஷின் என்று சொன்னார்கள் என்றார் இவர். சுண்டுவிரல் பருமன், அதைவிட இரண்டு மடங்கு நீளம் என்றார். தேங்காயைத் தவிர வேறு எதிலும் அளக்கத் தெரியாது என்று நான் நினைத்திருந்த மனுஷன், ஒவ்வொன்றையும் விரலால் அளந்து காட்டினார். அந்தத் தட்டை அவர் ஒரு நாளும் மறந்திருக்கவில்லை.

டாக்டர் எங்களுக்கு விளக்கினார். பெரிய கட்டி சின்னத் துளையில் வராது. அதனால் அந்த நாட்களில் சுழலும் கத்தி ஒன்றை உள்ளே விட்டு, கட்டியைச் சீவிச் சீவி வெளியே இழுப்பார்களாம். அப்படிச் சீவும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் வயிற்றுக்குள்ளேயே சிதறலாம். பெரும்பாலும் அவை செத்துப்போகும். எப்போதாவது ஒன்றிரண்டு, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே இரத்தம் உறிஞ்சி, வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்துவிடும். அதே ஃபைப்ராய்டுதான், கர்ப்பப்பைத் தசையால் ஆன கட்டி, இடம் மாறிப்போன ஃபைப்ராய்டு. கேன்சர் இல்லை. அபூர்வம், ஆனால் நடக்கிறது. இப்போதெல்லாம் கட்டியை ஒரு பைக்குள் போட்டுத்தான் அறுக்கிறோம் என்றார்.

அப்படியானால் எனக்கு அதுதானா என்று கேட்டேன். 

அவர் அவசரப்படவில்லை. இருக்கலாம், ஆனால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். உங்கள் கணவர் சொன்னது ஏன் முக்கியம் என்றால், கர்ப்பப்பைத் தசை மாதிரி ஒன்று குடல் பக்கத்தில் கிடந்தால், மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர் குழம்பிப் போவார், இது ஏன் இங்கே வந்தது என்று மோசமாக நினைக்கவும் வாய்ப்பு உண்டு, இப்போது எதைத் தேடுகிறோம் என்று அவருக்கு எழுதி அனுப்புவேன் என்றார். எழுதியதை எங்களிடம் படித்தும் காட்டினார்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தோம். பட்டான்செரு ஷிஃப்ட்டுக்குப் போகிற ஆட்கள் அடைந்திருந்தார்கள், நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். சண்டை போடத்தான் கேட்டேன். இத்தனை வருஷம் ஊரெல்லாம் தேங்காய் வியாபாரம் செய்துவிட்டீர்களே என்று.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கதவைத் திறந்து தட்டை நீட்டினார்களாம். கட்டி உருண்டையாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர், குவியலாகக் கிடந்த சீவலைப் பார்த்ததும், மெஷினில் கொடுத்து என்னையே சீவிவிட்டார்கள் என்று நினைத்தாராம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நான் கண் விழித்து எப்படி இருந்தது என்று கேட்டபோது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. முழுசாக வந்தது என்று சொன்னால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொல்லிவிட்டார். "அப்பொறம் வந்தவங்க போனவங்கல்லாம் கேட்டா, அதயேதான் சொல்லணும்" என்றார்.

அதற்கு மேல் எனக்குச் சண்டை வரவில்லை. தேங்காய் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. இந்த மனுஷன் அந்தத் தட்டைத் தேங்காயால் மூடி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. நெரிசலில் கையைப் பிடிக்க இடமில்லை, முழங்கையால் இடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரும் வரை வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் மறுபடியும் மாவு பதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று அவரே தன்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். ஷாப்பில் என் கருவியைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. கோடு எகிறிய ஒரு ஜாப்பில் சாக்பீஸ் வட்டம் போடப் போனவள், நிறுத்திவிட்டு, அந்த வெல்டரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் முன்பு என்ன வேலை செய்தாய் என்று கேட்டேன். பாவம், பயந்துபோய்விட்டான். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பான்.

முடிவு சொல்ல டாக்டர் கூப்பிட்டபோது நாங்கள் உட்காருவதற்குள்ளேயே அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நான் என்றென்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். நாற்காலியில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொண்டு, முதலில் இது, பிறகு அது என்று ஆரம்பிக்காமல் ஒரே மூச்சில் சொன்னார்.

"கர்ப்பப்பைத் தசைதான். கேன்சர் இல்லை."

நான் அழுதேன். நன்றாக, மூக்கு ஒழுக அழுதேன். என் வீட்டுக்காரர் அழவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். வெளியே வந்ததும் எனக்குக் கொலைப் பசி. வாசலில் இருந்த டிஃபன் சென்டரில் இரண்டு பெசரட்டு தோசை தின்றேன். மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவள் கத்தினாள், திட்டினாள். அடுத்த மெட்ரோவைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கட்டிகள் குடலை அழுத்த ஆரம்பித்திருந்ததால் எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். இந்த முறை வயிற்றைத் திறந்தே செய்தார். துளையும் வேண்டாம், சீவலும் வேண்டாம், நீளத் தழும்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். பட்டாணி அளவில் குடலின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்தெடுத்தால் குடலில் ஓட்டை விழும். மாதவிலக்கு நிற்கிற வயதில் அதுவும் சுருங்கிவிடும், அதுவரை வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு சில நாள் வரும். வந்தால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும். முன்னே மாதிரி பயம் இல்லை.

காலனியிலிருந்து வழக்கம்போல் பார்க்க வந்தார்கள், வழக்கம்போல் கேட்டார்கள். அவர் ஒவ்வொரு கட்டியையும் மில்லிமீட்டரில் சொன்னார். கேட்டவர்களுக்கு ஏமாற்றம்தான், முகத்தில் தெரிந்தது.

இப்போது புதிதாக ஒரு பழக்கம் பிடித்திருக்கிறது அவருக்கு. எந்த டாக்டரிடம் போனாலும், அவர் பேனாவை எடுப்பதற்குள், பழைய ஆபரேஷனிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார். மெஷினால் சீவினார்கள், பையில் போடவில்லை, நான் கண்ணால் பார்த்தேன், துண்டுகள் இவ்வளவு நீளம் என்று விரலை நீட்டி முழுக்கதையையும் சொல்கிறார். சளிக்குப் போனாலும் சொல்கிறார். போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனபோது, பல் டாக்டரிடமும் சொன்னார். அந்தப் பெண் கையில் குறடோடு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பென்றால் நான் அவர் வாயை அடைத்திருப்பேன். அன்றைக்கு என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று படுத்திருந்தேன். எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லட்டும், கேட்க நான் உயிரோடு இருக்கிறேன்.